பிரிக்காத உறை

நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அந்த ஸ்கேன் கூடமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது, முதலாளி உட்பட. கல் சுமந்த தோளுக்கு இப்போது தாள் புரட்டும் வேலை. பழைய கம்ப்யூட்டர் கையேடுகள் வரும். வளையத்தைத் திறந்து, தாளைக் கழற்றி, ஒவ்வொன்றாக இயந்திரக் கண்ணாடியில் கவிழ்க்க வேண்டும். அதைப் போனில் படிக்கிற மாதிரி அமைத்துக் கொடுப்பது நாத்தனாரின் பாடு.

மணிக்கு மற்றவர்கள் இருநூறு தாள் போட்டால் அண்ணி எண்பது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். தலைப்பை விரல் வைத்துப் படிக்காமல் எந்தத் தாளையும் கவிழ்க்க மாட்டாள்.

"மெஷினே படிச்சுக்கும் அண்ணி, நீங்க எதுக்கு?" என்றாள் நாத்தனார். "சனிக்கிழமையோட ஒரு மாசம் முடியுது. இந்த வேகத்துல போனா வெச்சுக்க மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"கை ஓடுது, கண்ணு நிக்குது. நான் என்ன பண்ண?"

அன்றைக்கு வந்தது ஒரு குளிர்பதனக் கிடங்கின் கையேடு. ஆறு குளிர் அறைகளை நடத்தும் மென்பொருளுக்கானது. மாதிரி பார்க்க, கிடங்கு ஆபரேட்டர் நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. கழற்றும்போதே பின்னட்டைப் பையில் ஏதோ தடித்திருந்தது. எடுத்தால் ஒட்டுப் பிரியாத உறை. பிரித்தாள். உள்ளே ஏழு தாள். 'இரண்டாம் பதிப்புக்கு மாறியவர்கள் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இந்தத் தாள்களைச் செருகவும்' என்றது முதல் தாள். மூன்று தரம் படித்தாள். யாரும் செருகவில்லை. வளையத்தில் பழைய நாலுதான் இருந்தது.

முதலாளியிடம் கொண்டுபோனாள்.

"வளையத்துல இருக்கறதைப் போடு," என்றார் அவர். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று போட்டாள். நாலை ஒதுக்கி வைத்துவிட்டு ஐந்துக்குப் போனாள்.

"நாலு எங்க அண்ணி?"

"கையில இருக்கு."

"கையில இருந்தா போன்ல எப்படி வரும்?"

"எது சரின்னு அந்த மனுஷன் வந்து சொல்லட்டும்."

"அதுக்குள்ள சீட்டு கிழிஞ்சிடும். உங்களுக்கு மட்டுமில்ல, சிபாரிசு பண்ண எனக்கும் சேர்த்து."

நாலு மணிக்கு ஆபரேட்டர் வந்தார். வெயிலிலும் இடுப்பில் ஸ்வெட்டரைக் கட்டியிருந்தார். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், "நாலைக் காணோமே," என்றார். முதலாளி அண்ணியை முறைத்தார்.

அவள் இரண்டு தாள்கட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். "இது வளையத்துல இருந்தது. இது உறையில இருந்தது. எது நிஜம்னு தெரியாம போட மனசு வரல."

பழையதைப் பார்த்துச் சிரித்தார் ஆபரேட்டர். "இதை நம்பினவன் கெட்டான். கரண்ட் போய் வந்ததும் 'எல்லா அறையையும் கிளப்பவா'ன்னு கேக்கும். ஆமான்னா ஆறும் ஒண்ணா இழுக்கும், ஃப்யூஸ் போயிடும். பதினோரு வருஷமா அறை அறையா ஓடி சுவிட்சு போடறேன். இந்த முட்டிவலி அதுல சம்பாதிச்ச சொத்து."

உறைத் தாள்களை எடுத்தார். இரண்டாவது தாளில் சிரிப்பு நின்றது. கிடங்குக்குப் போன் போட்டார்.

"நம்ம திரையில ரெண்டாம் பதிப்புன்னுதானே இருக்கு? ஒரு நிமிஷம் அணைச்சுப் போடு, ஒண்ணும் உருகிடாது. கேள்வி கேட்டா ஆமான்னு அடிக்காதே. முப்பதுன்னு அடி."

போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஐந்து மடங்கிய பிறகு வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. அடுத்த கையில் ஒரு விரலை மடக்கினார்.

"அரை நிமிஷத்துக்கு ஒண்ணா, ஆறும் தானா கிளம்பிடுச்சு," என்றார். "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்."

முதலாளி சுவரோரம் அடுக்கியிருந்த கையேடுகளைப் பார்த்தார். "போன வாரம் அனுப்பினதுல எல்லாம் பின்னட்டைப் பை பார்த்தோமா?"

பிறகு அண்ணி பக்கம் திரும்பினார்.

"அண்ணி, இனிமே நீங்க கண்ணாடிக்குப் போக வேணாம்."

நாத்தனார் முகம் வெளிறியது.

"எந்தக் கையேடு வந்தாலும் முதல்ல உங்க மேஜைக்கு வரட்டும். துழாவி, படிச்சு, எது உள்ள எது வெளியன்னு சொல்லிட்டுத்தான் ஸ்கேனுக்குத் தரணும். அவசரமில்ல."

"அப்போ சனிக்கிழமை?" அண்ணி மெல்லக் கேட்டாள்.

"சனிக்கிழமை லீவெல்லாம் கிடையாது. வந்துடுங்க."

நாத்தனார் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள். "உங்களோட வேலை பார்த்தா எனக்குச் சீக்கிரம் நரைச்சிடும் அண்ணி. அந்த ஏழு தாளைக் கொடுங்க, நானே கவுக்கறேன்."