படம் ஓடும் நேரம்

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு விளம்பரப் புத்தகங்களையும் பரராசசிங்கம் தகப்பனின் மடியில் விரித்து வைத்தான். வழுவழுப்பான தாள். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் எழும்பாமலிருக்கத் தியாகலிங்கத்தின் வலக்கை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இடக்கை இரண்டு வருடமாக எதையும் பிடிப்பதில்லை. மற்றப் புத்தகத்தை மகன் அந்தக் கையின்மேல் சாய்த்து வைத்தபோது அது மெல்லச் சரிந்து நிலத்தில் விழுந்தது. அவன் எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் அதே இடத்தில் வைத்தான்.

தாள்கள் சில கசங்கியிருந்தன. பண்ணைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டபோது, இந்தியச் சிப்பாய் ஒருவன் அவனுடைய பையைக் கிளறி இவற்றை வெளியே எடுத்திருந்தான். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் படத்தில் நெடுநேரம் நின்றான். பிறகு ஹிந்தியில் ஏதோ கேட்டான். புரியவில்லை என்று பரராசசிங்கம் கையை விரிக்க, அவன் புத்தகங்களை மூடி, தூசியை ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்த அன்று பரராசசிங்கம் சொன்ன கதைகளில் தியாகலிங்கம் சிரித்தது இந்த ஒன்றுக்குத்தான்.

“ஐயா, இது வீடியோ டெக். உங்களுக்குத் தெரியும். நாடா ஓட ஓடத் தேயும். மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். இது லேசர் டிஸ்க் பிளேயர். தட்டிலை ஒண்டும் உரஞ்சாது, வெளிச்சத்தாலைதான் வாசிக்கிறது. நூறு தரம் போட்டாலும் முதல் தரம் மாதிரி இருக்கும்.”

“நூறு தரம் பாக்க நான் இருக்கவேணுமே,” என்றார் தியாகலிங்கம். வாதம் வந்தபின் சொற்கள் வாயின் ஒரு பக்கத்தால்தான் வெளியே வந்தன.

“இருப்பியள். உங்கடை காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்ப தட்டிலை வருகுது. முகத்திலை மயிர்க்கால் தெரியும்.”

“ஆரின்ரை முகத்திலை?”

பரராசசிங்கம் சிரித்தான். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனோகரிக்கும் அது கேட்டது. தம்பி வந்த நாளிலிருந்து வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. அது நல்லதென்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும், சிறிது இடைவெளி விட்டு, எப்போதும்போல் அது வந்தது.

“பிள்ளை.”

அவள் துருவலைவிட்டு எழுந்து, கையை உதறிக்கொண்டு போய் ஹோல் வாசலில் நின்றாள்.

“ஒண்டுமில்லை,” என்றார் தியாகலிங்கம். “கூப்பிட்டனான்.”

இரண்டு வருடமாக இதுதான். கிணற்றடியில் நின்றால் கூப்பிடுவார். படலையில் யாரோடும் கதைத்துக்கொண்டு நின்றால் கூப்பிடுவார். இரவில் அவள் கண்ணயரும் தறுவாயில் கூப்பிடுவார். சிலவேளை தண்ணீர் வேண்டும், சிலவேளை திரும்பிப் படுக்கவேண்டும். அநேகமாக ஒன்றும் வேண்டாம். எண்பத்து மூன்றில் பதுளைக் கடை எரிந்தபின் ஊருக்குத் திரும்பி வந்த மனிதர், சரவணையில் நாலு வருடம் தன் காலில் நடந்து திரிந்துவிட்டு, ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தார். மனோகரி கூட்டுறவுச் சங்கத்தில் பார்த்த வேலையை விட்டாள். விடச்சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. விடாதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவளுக்குப் புதிதாக வந்த வருத்தம் ஒன்றுதான், களைப்பு. அது காய்ச்சலைப்போல் வந்து போவதாக இல்லை. நிரந்தரமாகக் குடியிருந்தது. நின்றபடி கறி துழாவும்போது அவள் சில கணங்கள் நித்திரை கொண்டிருக்கிறாள். அகப்பை கையில் அசையாமல் இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடிப்பாள்.

இந்தப் படக் கதை தொடங்கியது சித்திரை மாதம், மண்கும்பானில், லியோன் வீட்டில். லியோன் கடலுக்குப் போகிறவன். மனோகரி சங்கத்தில் இருந்த காலத்திலிருந்து வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பவன். அவனுடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய படம் ஒன்று போட்டார்கள். பெரியவரும் வரத்தான் வேண்டும் என்று லியோன் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் கதிரையோடு ஏற்றிக்கொண்டு போனான். அவசரமென்றால் தூக்கிக்கொண்டு போக வசதியாகக் கதிரையைக் குசினி வாசலோரம் வைத்தார்கள். படம் தொடங்கியது. லியோனின் மனைவி மாக்கிறேற், “அக்கா, முகத்தைப் பாத்தாச் செத்த ஆள் மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் சரியுங்கோ,” என்று குசினிக்குள் ஓலைப்பாய் ஒன்றை விரித்துவிட்டாள். ஒரு நிமிடம் என்று படுத்தவள், சனம் கதிரைகளை இழுத்து எழும்பும் சத்தத்தில்தான் கண் விழித்தாள். படம் முடிந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் தகப்பன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ரீவியைப் பார்த்தபடி இருந்தார். சாரம் நனைந்து, கதிரையின் கீழே நிலமும் ஈரமாக இருந்தது. படத்தில் ஊறிப்போய் அதைக்கூட மறந்துவிட்டார் என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சாரத்தைத் தோய்க்கும்போது மனோகரிக்குக் கை இலேசாக இருந்தது. பதுளையில் கடையைப் பூட்டிவிட்டு இரண்டாம் காட்சிக்கு ஓடிய மனிதர்தானே, படம்தான் இவருக்கு மருந்து என்று அவளுக்குப் பட்டது. தம்பிக்கு அதை எழுதினாள். ஐயா படம் பார்த்தால் சத்தம் போடாமல் இருக்கிறார் என்று மட்டும் எழுதினாள்.

பரராசசிங்கத்துக்கு அது ஒரு வழியைக் காட்டியது. சிங்கப்பூரில் பதினோராவது மாடி வீட்டுக்குத் தகப்பனைக் கொண்டுபோகமுடியாது. புருசன் பெண்சாதி இருவருக்கும் வேலை. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று நெடுநாளாகத் தெரியாமல் இருந்தவன், இப்போது கடைகடையாக ஏறி இறங்கி விளம்பரப் புத்தகம் சேர்த்தான். இங்கே வந்து எல்லோரையும் கேட்டு, திரும்பிப்போய் வாங்கி, கொழும்புக்கு வருகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுவதென்று ஏற்பாடு. நல்லதாக வாங்கவேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு வரும் பிடிவாதம் அது.

லியோன் பின்னேரம் ஓராமீன் கோர்வையோடு வந்தான். சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு, “என்ன சிங்கப்பூர், என்ன சாமான் வருகுது எங்கடை ஊருக்கு?” என்றான்.

“இன்னும் யோசினைதான் அண்ணை.”

“யோசிக்க என்ன கிடக்கு? டெக்கை எடும். சின்னவளுக்கு வாற மாதம் சேர்ச்சிலை முதல் நன்மை. பிறகு எங்கடை சின்னத்தங்கம் மாமியின்ரை வீட்டிலை ஒரு விசேசம். திருநாளும் வருகுது. இனி யாழ்ப்பாணம் போய் வாடகைக்கு எடுக்கிற அலுப்பில்லை.”

“அப்ப ஐயா எப்ப படம் பாக்கிறது?”

“பெரியவரையும் லாண்ட்மாஸ்ரரிலை ஏத்துவம். பிறகென்ன, போற வாற இடமெல்லாம் அவருக்குப் படமும் சாப்பாடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். லியோன் போனபின் பரராசசிங்கம் குரலைத் தாழ்த்தினான். “பாத்தியளோ. சாமான் இன்னும் கடையிலை கிடக்கு, அதுக்குள்ளை இவர் மூண்டு இடத்துக்குக் கொண்டுபோட்டார். டெக் வந்தால் அது இந்த வீட்டிலை நிக்காது. தரமாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது. லேசரெண்டால் ஒருதரும் கேக்கமாட்டினம். தட்டுக்கு எங்கை போவினம்?”

அது உண்மைதான். கலியாணம், சாமத்தியம், முதல் நன்மை என்று வந்து கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் இங்கே எவருக்கும் கிடையாது. சங்கானையில் ஒரு வீட்டு டெக், சொந்தக்காரர் கண்ணில் படாமலே ஒரு வருடம் ஊர் சுற்றியது என்று பேச்சு.

“அப்ப முடிவோ?” என்றான். “அக்கா, கடைசிச் சொல் உங்கடைதான்.”

மனோகரி மீனை அரிவாளடியில் வைத்துவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்தாள். “டெக்கை அனுப்பு,” என்றாள்.

“இவ்வளவு நேரமும் நான் ஆருக்குச் சொன்னனான்?”

“தட்டைத் திருப்பிப் போடவேணும் எண்டு சொன்னனீ.”

“ஓம், ஒரு பக்கம் ஒரு மணித்தியாலம். அதென்ன பெரிய வேலையே? எழும்பித் திருப்பிப் போடுறதுதானே.”

“ஐயாவாலை எழும்ப ஏலாது. அப்ப நான்தான்.”

“சரி, புது மொடல் ஒண்டு கிடக்கு. அது தானே மற்றப் பக்கத்தையும் வாசிக்கும். இடையிலை ஒருக்கா மட்டும் தட்டு மாத்தினால் சரி.”

“அப்ப ரெண்டு மணித்தியாலம்.”

“ஓம். என்னக்கா, சந்தையிலை பேரம் பேசிற மாதிரி.”

“நாடா மூண்டு மணித்தியாலமும் சேந்து ஓடும். ஒருதரும் எழும்பத் தேவையில்லை.”

“நீங்களும் ஐயாவுக்குப் பக்கத்திலை இருந்து பாக்கிறதுதானே. பிறகு எழும்பிறதிலை என்ன?”

“நான் படம் பாக்கப் போறதில்லை.” அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே காய்ந்திருந்தது. “நான் படுக்கப் போறன். லியோன் வீட்டிலை படம் ஓடி முடியுமட்டும் நித்திரை கொண்டனான். ரெண்டு வருசத்திலை அது ஒருக்காத்தான். எனக்குத் திறமான சாமான் வேண்டாம் தம்பி. ஊர் கொண்டுபோனால் கொண்டுபோகட்டும், மிச்ச நாளிலை எனக்கு அந்த மூண்டு மணித்தியாலம் வேணும்.”

பரராசசிங்கம் புத்தகத்தை மூடப்போய், மூடாமல் கையில் வைத்திருந்தான். முகம் சுருங்கியிருந்தது. “இப்ப நான் நிக்கிறன்தானே,” என்றான். “போய் அறைக்குள்ளை படுங்கோ. நான் பாக்கிறன்.”

“நீ நிக்கிறாய். ஐயா உன்னைக் கூப்பிடமாட்டார்.”

அவன் தகப்பனைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து மூன்று நாலு தடவை அவனும் முயன்றிருக்கிறான். என்ன ஐயா வேணும் என்று ஓடிப்போய் நின்றால், தியாகலிங்கம் மகனின் தோளுக்கு அப்பால் பார்ப்பார்.

இப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது மடியில் கிடந்த படத்தை. பெட்டிக்குள்ளிருந்து வெளியே நீட்டிய தட்டத்தில் வெள்ளிநிறத் தட்டு ஒன்று.

“அண்டைக்கு நான் படம் பாக்கேல்லை,” என்றார்.

இருவருக்கும் முதலில் அது விளங்கவில்லை.

“எண்டைக்கு ஐயா?” என்றான் பரராசசிங்கம்.

“லியோன் வீட்டிலை.” அடுத்த சொல்லுக்காக அவர் சற்றுச் சிரமப்பட்டார். “குசினிக் கதவாலை பிள்ளையின்ரை கால் தெரிஞ்சுது. படுத்துக் கிடந்தது. நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ஆரும் திரும்பினால் ரீவியைப் பாக்கிறது.”

மனோகரி நிலையைப் பிடித்துக்கொண்டாள். “சாரம் நனைஞ்சது?”

“கூப்பிட்டால் எழும்பியிருப்பாய்.”

“பிறகேன் தம்பி கேக்கேக்கை இவ்வளவு நாளும் இந்தப் புத்தகத்தைப் பாத்துக்கொண்டிருந்தியள்?”

“அவன் ஆசைப்படுறான்,” என்றார் தியாகலிங்கம்.

பரராசசிங்கம் எழுந்து யன்னலுக்குப் போனான். வெளியே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. பூவரசு, வேலி, வேலிக்கு அப்பால் பனை வடலிக் காணி. திரும்பி வந்து அதே இடத்தில் இருந்தான்.

மனோகரிக்கு ஒரு கேள்வி இருந்தது. இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தது. கோபமாகத்தான் அது வரும் என்று எண்ணியிருந்தாள். வரும்போது களைத்துப்போய் வந்தது. “அப்ப மற்ற நாளிலை ஏன் ஐயா கூப்பிடுறியள்? ஒண்டுமில்லாததுக்கெல்லாம்?”

தியாகலிங்கத்தின் வலக்கை விரல்கள் தாளின் ஓரத்தை மடித்து, நிமிர்த்தி, மறுபடியும் மடித்தன.

“காணேல்லை எண்டால் பயமாக் கிடக்கு.”

அரிவாளடியில் மீன் கிடந்தது. பூனை வந்தால் கொண்டுபோகும் என்ற நினைவு மனோகரிக்கு வந்தது, போனது. அவள் அறைக்குள் போய்த் தன் பாயையும் தலையணையையும் எடுத்துவந்தாள். ஹோல் நடுவில், தகப்பனின் கதிரைக்கு நேரே, நாலு முழத் தூரத்தில் விரித்தாள். பகல் வெளிச்சத்தில், தம்பி பார்த்திருக்க, நடுவீட்டில் படுப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காலைச் சேலையால் மூடிக்கொண்டு, தகப்பனுக்கு முகம் தெரியும்படி ஒருக்களித்துப் படுத்தாள்.

சீமெந்துத் தரையின் குளிர் பாய்க்குள்ளால் ஏறியது. கண்ணை மூடினாள். நித்திரை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரண்டு வருடம் நின்ற நிலையிலும் வந்து விழுத்தப் பார்த்த நித்திரை, இப்போது எங்கேயோ நின்றுகொண்டது. மூடிய இமைகளின்மேல் அந்தப் பார்வை கிடப்பது தெரிந்தது. அது கனத்தது. தொட்டால் உடைந்துபோகும் சாமானைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கூப்பிடவில்லை. அசையவுமில்லை. ஒருவேளை அவருக்கு இப்போது தண்ணீர் விடாயாக இருக்கலாம். வேறு ஏதும் முட்டிக்கொண்டிருக்கலாம். எழும்பிக் கேட்கலாமா என்று நினைத்தாள். எழும்பினால் எல்லாம் முடிந்துவிடும்.

அவள் மூச்சை நீட்டி, ஆழமாக, ஒரே சீராக விடத் தொடங்கினாள். உதடுகளைச் சற்றுத் திறந்து வைத்தாள். சேலைக்கு வெளியே கிடந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தளரவிட்டாள்.

கதிரையில் இருந்தவர் மகனை நோக்கி வலக்கையைச் சிறிது உயர்த்தினார். பரராசசிங்கம் புரிந்துகொண்டு எழுந்தான். தகப்பனின் மடியில் கிடந்த புத்தகம் காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் தாள்களை இரண்டு கையாலும் பிடித்து, ஒன்றோடொன்று உரசும் சத்தம் வராமல், மெல்ல மெல்ல மூடத் தொடங்கினான்.