வலது மணிக்கட்டு

புகார் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவானது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ரொமெலின் வாக்கி டாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் மூன்றாவது வாசலில் ஆறு வருடமாக நிற்கும் காவலாளி அவன். புகார் இதுதான்: கூட வசிக்கும் தங்கையை அடிக்கிறான்.

தங்கை மரிகார் அதே பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி. லகூனா ஏரி நத்தைகளைப் பற்றி ஆய்வு. புகார் கொடுத்தது அவளுடைய வழிகாட்டி டாக்டர் புன்சலான். நத்தைகளைக் கழுவ மரிகார் சோதனைக்கூடக் கோட்டின் கையைச் சுருட்டியபோது, முழங்கைக்கு மேலே பட்டையாக நீலம் பாரித்திருந்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"படியில விழுந்துட்டேன் மேடம்."

பத்து நாள் கழித்து முழங்காலுக்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் படிதான் காரணம். ஒரே படியில் யாரும் அத்தனை முறை விழுவதில்லை.

நடந்தது வேறு. நவம்பரில் ஒரு தோழி, இலவச வகுப்பு என்று மரிகாரை இழுத்துப் போனாள். கேசோன் சிட்டியில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை ஆறு எஃகுக் கம்பங்கள். போல் ஃபிட்னஸ், கம்பத்தில் ஏறித் தொங்கிச் சுழலும் உடற்பயிற்சி. உடை குட்டையாக இருக்க வேண்டும். துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும்; பிடித்த இடம் நீலம் பாரிக்கும். லோஷன் தடவி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் நாள் மரிகார் இரண்டடி ஏறிச் சறுக்கினாள். டிசம்பரில் வாரம் ஒரு நாள் போனாள். ஜனவரியில் மூன்று நாள். நுண்ணோக்கியில் நத்தை எண்ணும்போதும் மேஜைக்கடியில் கால் விரல்களை நீட்டிப் பழகினாள்.

"நத்தைய ஆராய்ச்சி பண்ணச் சொன்னா, நீயே நத்தையாகிக் கம்பத்துல ஒட்டிக்கிட்ட," என்றான் ரொமெல், சினிகாங் புளிக்குழம்பைச் சோற்றில் ஊற்றியபடி.

"நானாவது எறங்கிடறேன். நீ ஆறு வருஷமா அதே கேட்ல ஒட்டிக்கிட்டிருக்க."

பிப்ரவரியில் அவளுடைய வலது மணிக்கட்டு உண்மையாகவே வீங்கியது. மருத்துவர் ஒரு மாத ஓய்வு எழுதிக் கொடுத்தார். தட்டச்சு செய்ய முடியாது என்று அதைக் காட்டி, ஏப்ரல் முதல் வாரம் தர வேண்டிய ஆய்வேட்டுக்கு மே கடைசி வரை அவகாசம் வாங்கினாள். மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது. அதை மேடத்திடம் சொல்லவில்லை. மிச்ச நாளெல்லாம் கம்பத்துக்குப் போனது. விஷயம் தெரிந்தால் அவகாசம் ரத்து, கூடவே அந்தப் பருவமும் போகும்.

அண்ணனிடம் மட்டும் சொல்லி, வாயைக் கட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை பெண்கள் பாதுகாப்புப் பிரிவில் மிஸஸ் அபாத் கேட்டதற்கு ரொமெல், "நான் அடிக்கல" என்றான். பிறகு எப்படி வந்தது என்று கேட்டார். "அவளையே கேளுங்க மேடம்." அதோடு சரி. விசாரணை புதன்கிழமை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணா?" என்றாள் மரிகார், அன்றிரவு வீட்டில்.

"சொன்னா உன் ஆராய்ச்சி என்னாகறது?"

"உன் வேலை?"

"ஊருல வேற கேட்டே இல்லையா என்ன?" சொல்லிவிட்டுச் சீருடைக் காலணிக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

புதன்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸஸ் அபாத். பக்கத்தில் டாக்டர் புன்சலான். மரிகார் கம்பத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அன்னிக்கு மாடிப்படி. இன்னிக்குக் கம்பமா?" என்றார் மிஸஸ் அபாத். "யாரும்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

மரிகார் கைப்பேசியை நீட்டினாள். கற்றுக்கொள்பவர்கள் ஒவ்வொரு முயற்சியையும் வீடியோ எடுத்துக்கொள்வார்கள். தப்பைப் பிறகு பார்த்துத் திருத்துவதற்கு. தேதியோடு அறுபத்திரண்டு வீடியோக்கள் இருந்தன. மிஸஸ் அபாத் பத்தைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து அளவுகோலை எடுத்து அவள் கையிலிருந்த நீலப் பட்டையின் மேல் வைத்தார். நாலரை சென்டிமீட்டர். மரிகார் ஏற்கெனவே சொல்லியிருந்த கம்பத்தின் தடிமனும் அதுவே.

"சரி," என்றார்.

டாக்டர் புன்சலான் இன்னும் கடைசி வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையில் தொங்கியபடி மரிகார் மூன்று முழுச் சுற்றுச் சுழன்று இறங்கினாள். அவர் மறுபடி ஓட்டினார்.

"இது எந்தக் கை, மரிகார்?"

இடது என்று சொல்லிவிடலாம். கண்ணாடியில் தெரிவதை எடுத்த வீடியோ, பக்கம் மாறியிருந்தது. ஆனால் இன்னொரு பொய் பிடிபட்டால், சற்றுமுன் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"வலது கை மேடம்."

"எப்போ எடுத்தது?"

"போன சனிக்கிழமை."

"மணிக்கட்டு?"

"மார்ச்லயே சரியாயிடுச்சு."

மிஸஸ் அபாத் ரொமெலின் கோப்பை மூடி, முத்திரை குத்தினார். டாக்டர் புன்சலான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவகாசத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இனி நானே எழுதி அதை ரத்து பண்ணணும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"அண்ணன் வெளிய பெஞ்ச்ல உக்காந்திருக்கார்."

மரிகார் வெளியே வந்ததும் ரொமெல் எழுந்து வந்தான். "என்னாச்சு?"

"உனக்கு நாளைக்குக் காலை ஷிஃப்ட்."

"உனக்கு?"

"ஆகஸ்ட்ல மறுபடி பதிவு பண்ணணும்."

"அப்ப அதுவரைக்கும் உனக்கு நான்தான் சோறு போடணுமா?"

"அதுக்குத்தான வேலைய மீட்டுக் குடுத்திருக்கேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு வகுப்பு. மரிகார் போகவில்லை. சோதனைக்கூடத்துக்குப் போய்த் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, நான்காவது அத்தியாயத்தில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்தாள்.

வியாழக்கிழமை போனாள்.