பின்சீட்டுப் பேச்சு

எனக்கு வாய் நீளம். மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். சலவைக் கடையில் நீராவி இஸ்திரி உஸ்ஸென்று இரைகிற இடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே தொண்டை பழகிவிட்டது. அப்பேர்ப்பட்ட என்னிடம், காரில் ஏறினால் வாயைத் திறக்கக் கூடாது என்று மகன் உத்தரவு போட்டான். வேறு விஷயமாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். மருமகளுக்காக என்பதால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

மருமகள் ஆஸ்பத்திரி வேன் ஓட்டியவள். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். அவர்களில் ஒருவர் சரியான வாயாடி. ஏறியது முதல் இறங்கும்வரை நிறுத்த மாட்டாராம். வேனில் எல்லோரும் அவரை ‘ரேடியோ மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போது மருமகள் அவர் சொன்ன கதைகளை எங்களுக்குச் சொல்வாள். நேரில் பார்க்காத மனிதர் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என்னைவிடப் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறாரே!

ஒருநாள் காலையில், அவரை மட்டும் ஏற்றியிருந்த நேரம், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த லாரி ஒன்று வேனின் பின்பக்கத்தில் மோதியது. லாரி பிரேக் போட்ட சத்தம், அந்தப் புஸ்ஸென்ற காற்றுச் சத்தம், மோதிய பிறகுதான் கேட்டதாம். ரேடியோ மாமா அங்கேயே போய்விட்டார். மருமகளுக்குத் தோள்பட்டையில் அடி. அவள் மீது துளியும் தப்பில்லை என்று போலீஸும் சொன்னது, அலுவலகமும் சொன்னது. சொல்லி என்ன? தோள்பட்டை ஆறியது. புஸ்ஸென்று எது சத்தம் போட்டாலும் அவள் கை விறைத்து, கண் எங்கேயோ போய்விடும்.

நாங்கள் சும்மா இருப்போமா? ஆளாளுக்குப் புத்திசாலி ஆனோம். குக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத் திறந்த பாத்திரத்தில் சமைத்தேன். மகன் அழைப்பு மணியைக் கழற்றினான். டிவி வாயசைக்கும், சத்தம் வராது. வீட்டுக்குள் திருடர்கள் மாதிரி நடமாடினோம். யாராவது கரண்டியைக் கீழே போட்டுவிட்டால் அவ்வளவுதான், மற்றவர்கள் பார்க்கிற பார்வையில் போட்டவர் எரிந்து போவார்.

மனநல டாக்டர் அவளுக்குச் சில வழிகள் சொல்லிக் கொடுத்திருந்தார். தூங்காத நாளில் வண்டியைத் தொடக் கூடாது. முன்னால் போகிற வண்டிக்கும் தனக்கும் நல்ல இடைவெளி விட வேண்டும். மனசு அந்தக் காலைக்கு ஓடப் பார்த்தால் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதும் கை தன் வசத்துக்கு வராவிட்டால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்கு வெட்கப்படவே கூடாது. தினமும் எங்கள் சின்னக் காரில் பழகினாள். பக்கத்தில் மகன் மூச்சுக்கூட விடாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பான். அவளோ உடம்பெல்லாம் வேர்த்துப்போய்த் திரும்பி வருவாள். மாதக் கடைசிக்குள் அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேனுக்கு வேறு ஆள். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு திரும்பி வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மகனுக்கு வேலை நேரம் மாறியதும் பக்கத்தில் உட்காரும் முறை எனக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியில் ஒருவன் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனான். திட்டவில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அது.

சிக்னலில் நின்றபோது எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து புஸ்ஸென்று நின்றது.

மருமகள் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. பச்சை விழுந்தது, கார் நகரவில்லை. பின்னால் ஒரே ஹாரன். மகனாவது, உத்தரவாவது!

“ஏய், இங்க பாரு! முன்னால போற கார் என்ன கலர்?”

முன்னால் விரலை நீட்டிக் காட்டினேன்.

“பச்சைதானே?”

“...நீலம், அத்தை.”

“எனக்குப் பச்சையாத்தான் தெரியுது.”

“நீலம் அத்தை! நல்லாப் பாருங்க!” அவள் குரலில் உயிர் வந்தது. “வலது பக்கம் சைக்கிள். இடது பக்கம் மருந்துக் கடை. ஓரமா இடம் இருக்கு. நிறுத்தறேன்.”

இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

“மன்னிச்சுக்கம்மா, வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்” என்றேன்.

அவள் தலையைப் பலமாக ஆட்டினாள். “அத்தை, அன்னிக்கு மோதின அப்புறம் வேன்ல ஒரு சத்தமும் இல்ல. ‘மாமா, இருக்கீங்களா?’ன்னு கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். எப்பவும் பேசிட்டே இருக்கிற மனுஷன் பேசல.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப நீங்க எல்லாரும் வாயை மூடிட்டுப் பக்கத்துல உக்காந்துக்கறீங்க. வீட்லயும் அப்படியேதான். எனக்கு எல்லாரும் செத்துப்போன மாதிரி இருக்கு, அத்தை.”

நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்கள் இந்தப் பெண்ணைத் தினமும் அந்த வேனுக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறோம்!

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி?”

“பரண்மேல குக்கரைப் பார்த்தேன். எனக்காக இவ்வளவு கஷ்டப்படறீங்க, எப்படிச் சொல்றது?”

அன்றே குக்கரை இறக்கினேன். விசில் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடுப்பில் வைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். டாக்டரிடமும் போய்க் கேட்டோம். “பேசுங்க, தாராளமாப் பேசுங்க. ஆனா அவங்க உங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கக் கூடாது, கவனம் ரோட்டுல இருக்கணும். சண்டையும் பிடிக்காதீங்க” என்றார். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். என் பேச்சு ஒரு பக்கம் ஓட, அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். தடுமாறினால் நிறுத்தினாள். நாளாக நாளாக நிறுத்துவது குறைந்தது. டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஓட்டிக் காட்டும் நாளில் போக்குவரத்து மேலாளர் முன்சீட்டில் ஏறினார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம். நோயாளி இடத்தில் யாராவது உட்கார வேண்டும் என்றார்கள், நான் ஏறிக்கொண்டேன். பழுது பார்த்துக் கொண்டுவந்த அதே வேன், ரேடியோ மாமா உட்கார்ந்த அதே வரிசை.

சலவைக்கு வந்த கோட்டுப் பையில் யாரோ பல்செட்டை மறந்து வைத்த கதையில் ஆரம்பித்தேன். மேலாளர் திரும்பி ஒரு முறை முறைத்தார். முறைத்தால் எனக்கென்ன?

பாதி வழியில், பக்கத்திலேயே ஒரு டேங்கர் லாரி புஸ்ஸென்றது. மருமகளின் தோள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். “மஞ்சள் பலகை. வெள்ளைக் கோடு. நிறுத்தறேன், பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஓரம் கட்டினாள்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்படி நடுவழியில நிறுத்தினா பின்னாடி இருக்கிற நோயாளிங்க என்ன செய்வாங்க?”

“காத்திருப்பாங்க, சார். சொல்லிட்டுத்தான் நிறுத்துவேன்” என்றாள். கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் நடுங்குது. நின்னதும் கிளம்பலாம்.”

அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. நடுக்கம் நின்ற பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள்.

“திங்கக்கிழமை வாங்க” என்றார் மேலாளர். “முதல்ல கிட்டத்து ரூட், கூட ஒரு உதவியாளர். இதே மாதிரி நிறுத்தணும். நிறுத்தாம வீறாப்பா ஓட்டினீங்கன்னு தெரிஞ்சா சாவியை வாங்கிடுவேன்.”

பல்செட்டுக் கதை பாதியில் நின்றது. புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

வேன் மெதுவாக ரோட்டில் ஏறியது. முன்னாலிருந்து குரல் வந்தது.

“அத்தை, இருக்கீங்களா?”

சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்தேன்.

“இருக்கேன்டி கண்ணு, இங்கேதான் இருக்கேன்” என்று வேன் அதிரக் கத்தினேன். “நீ ரோட்டைப் பாரு. அந்தப் பல்செட்டு யாரோடதுன்னு தெரியுமா...”