எரியாத சரிவு

"எள்ளு பத்தாதும்மா. இன்னும் ரெண்டு பிடியாவது வேணும்" என்று சாஸ்திரிகள் தட்டைச் சாய்த்துக் காட்டினார்.

பழங்காநத்தம் வீட்டின் அந்தச் சின்னக் கூடத்தில் ஏப்ரல் வெக்கையோடு நாற்பது பேர் அடைந்திருந்தார்கள். நடுவில் நாகசுப்பிரமணியனைக் கிடத்தியிருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி ஹம்சவேணி. அவளுடைய இடது கையை நாத்தனார் லலிதாம்பாள் இறுகப் பிடித்திருந்தாள். வலது தோளில் யாரோ ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். விடியற்காலையில் உட்கார வைத்தவர்கள், மணி பத்தாகியும் எழுந்திருக்க விடவில்லை. கால் மரத்துப்போய், கிள்ளினாலும் உறைக்கவில்லை.

வீட்டுப் பேச்சு சௌராஷ்ட்ரம்தான். சாஸ்திரிகளுக்கு அது தெரியாததால் காலையிலிருந்து எல்லாமே தமிழில் நடந்துகொண்டிருந்தது.

"ஸ்வர்ணா, அடுக்களையில பாரு" என்றான் கிரிதரன். இறந்தவரின் தம்பி, பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன்.

"டப்பாவுல இருந்தது அம்புட்டையும் கொட்டிட்டேங்க" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "இருங்க, ஃபிரிட்ஜுல பாக்குறேன்."

ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பிரியும் சத்தம் ஹம்சவேணிக்குக் கேட்டது.

அதன் மேல்தட்டில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. இரண்டிலும் விராலிச் செடியின் விதை. கறுப்பாக, சின்னதாக, கிட்டத்தட்ட எள் மாதிரியே.

நாகசுப்பிரமணியன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். செக்கானூரணிக்கு மேற்கே ஆண்டிக்கரடு என்ற குன்றில் பதினெட்டு வருஷம் ஏறி இறங்கியவர். கரட்டின் ஒரு சரிவில் கோடைதோறும் ஆட்டுக்காரர்கள் புதுப்புல்லுக்காகத் தீ வைப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் கோயில் இருப்பதால் அங்கே யாரும் தீக்குச்சி கிழித்ததில்லை. இரண்டு பக்கமும் விராலிதான். தீயின் சூட்டில் அதன் விதையின் கெட்டித் தோல் விரிசல் விடும்; அடுத்த மழைக்கு முளைக்கும். அப்படியானால், வருஷா வருஷம் எரிகிற சரிவில் செடி தன் விதைத்தோலைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொள்கிறதா? இந்த ஒரு கேள்வியோடுதான் அவர் வாழ்ந்தார். அவர் விதைகளைச் சூடேற்றுவார். அவள் அவற்றை ஈர ஒற்றுத்தாளில் பரப்பி, தினமும் காலை ஆறு மணிக்கு முளை விட்டதை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவாள். அச்சான கட்டுரைகளில் அவள் பெயர் வந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

போன கோடையில் தீ ஓடையைத் தாண்டிவிட்டது. எரியாத சரிவு என்று இனி ஒன்று கிடையாது. அங்கே முன்பு எடுத்த விதையில் ஃபிரிட்ஜில் இருந்த ஒரு பாட்டில்தான் மிச்சம்; மற்றது எரிகிற சரிவுடையது. ஜனவரியில் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது: சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து அனுப்புங்கள், ஆறு மாதம் அவகாசம். அதற்குள் அவர் படுக்கையில் விழுந்தார். முந்தாநாள் நாக்குக் குழறச் சொன்னார்: "நீயே பண்ணிரு ஹம்சா. எண்ணுறது என்னைக்கும் நீதான?"

இருநூறு ஒற்றுத்தாள் வாங்கி வைத்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அந்த வீட்டில் அவள் செய்வதற்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"அக்கா, கைய விடுங்க. உள்ள போயிட்டு வாரேன்."

"இப்ப எந்திரிக்கப்படாது ஹம்சா. தூக்குற வரைக்கும் அவன் பக்கத்துலயே இரு." லலிதாம்பாளின் பிடி இன்னும் இறுகியது.

ஸ்வர்ணா பாட்டிலோடு வந்தாள். "கெடச்சிருச்சு சாமி! 'எ'ன்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கு. அக்கா எதுலயும் எம்புட்டு ஒழுங்கு பாருங்க!"

எ-0. எரியாத சரிவு, தீ பூஜ்யம். எழுதியது ஹம்சவேணியேதான். துண்டுச்சீட்டில் இடம் போதாதென்று அவள்தான் சுருக்கினாள்.

சாஸ்திரிகள் கொஞ்சம் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். "என்ன இது, உருண்டையா இருக்கு?"

"ஃபிரிட்ஜுக்குள்ள கெடந்து ஊதிருச்சு சாமி."

"நாட்டு எள்ளா இருக்கும்ங்க" என்றார் வாசல் பக்கம் நின்றவர், எல்லாம் தெரிந்தவர் போல. "கடையில விக்கிறதுதான் தட்டையா இருக்கும்."

"கறுப்பா இருந்தாச் சரி" என்றார் சாஸ்திரிகள்.

அது எள்ளு இல்ல. மூன்றே சொல். சொன்னால் காரியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நாற்பது பேர் நடுவில் ஸ்வர்ணா தலைகுனிந்து நிற்பாள். புருஷன் கிடக்கும்போது விதைக்கு அழுதவள் என்ற பேச்சு தன் காலம் முழுக்க ஓடும். ஹம்சவேணி பாட்டிலையே பார்த்தாள்.

"அம்புட்டையும் கொட்டிறாதீங்க" என்றாள்.

அழுகை சட்டென்று நின்றது. லலிதாம்பாள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"எள்ளுலயாடி மிச்சம் பிடிக்கிற?"

கிரிதரனின் கண் கலங்கிவிட்டது. "அண்ணனுக்கு நான் எதுலயும் குறை வைக்க மாட்டேன் அண்ணி" என்று பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

ஒரு பிடி மார்பில் விழுந்தது. மீதியை அரிசியோடு கலந்து, மயானத்துக்கு வேண்டுமென்று சாஸ்திரிகள் துணியில் முடிந்துகொண்டார். பிறகு தூக்கினார்கள். பெண்கள் வாசற்படியோடு நின்றார்கள். கூடம் காலியானது. இப்போது ஹம்சவேணியை யாரும் பிடித்திருக்கவில்லை, போவதற்குத்தான் இடமில்லை.

பக்கத்து வீட்டு மாயக்காள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினாள். பூவிதழ்களோடு சேர்ந்து கறுப்பு விதைகள் ஜலதாரைக்குள் வரிசையாக இறங்கின.

இரண்டு மணிக்குக் கிரிதரன் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தான்.

"எம்மேல வருத்தமா அண்ணி?"

"இல்லப்பா. எத்தனை மணிக்குத் தீ வச்ச?"

"பன்னெண்டே கால் இருக்கும்."

"விறகா, எருவாட்டியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அடியில எருவாட்டி. மேல விறகு."

"காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு… எதுக்கு அண்ணி?"

"மனசு தடுமாறிப் போச்சு, பாவம். ஒண்ணும் கேக்காத" என்று லலிதாம்பாள் தம்பியிடம் கிசுகிசுத்தாள்.

ஹம்சவேணி எழுந்து அவருடைய அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் பிரித்தாள். தேதி: 22.4.2004. விதை: எரியாத சரிவு. எண்ணிக்கை: தெரியாது. சூடு: தெரியாது. நேரம்: பகல் 12.15. இடம்: தத்தனேரி மயானம். காற்று உண்டு. முளைத்தது என்ற கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதை அப்படியே விட்டாள்.

அடுக்களையில் மறுபடியும் அந்த ரப்பர் சத்தம். "அக்கா, இன்னொரு எள்ளு பாட்டிலும் இருக்கு" என்றாள் ஸ்வர்ணா. "பத்தாம் நாளுக்கு ஆகும்ல? எடுத்து வெளிய வைக்கவா?"

அந்தப் பாட்டிலுக்காக ஹம்சவேணி மேஜை இழுப்பறையிலிருந்து புதுச்சீட்டு ஒன்றை எடுத்தாள். இருப்பதிலேயே பெரிய சீட்டு. ஒவ்வொரு எழுத்தாக, சுருக்காமல், எழுதத் தொடங்கினாள்.