ஏழு நிரை மரங்கள்

முற்றத்துப் பாடையில் கிடந்த கணவனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி நெகிழ்ந்திருந்தது; வீரம்மா அதை இறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தத் தொடங்கினார்கள்.

முடிச்சு கை நழுவியது. "யாரு சொல்லச் சொன்னது?"

"புதுப் பெரிய வாத்தியாரு," என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள். "ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி ஜெயபாலன். நேத்து ராத்திரியே தோட்டத்துத் துரை அவரைப் போட்டுட்டாராம். இவரு மூச்சு நின்னு ஒரு பொழுதுகூட ஆகல."

மலாயாவில் பீடோர்ப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டப் பள்ளிக்கு அவள் கணவர் அர்ச்சுனன் தலைமையாசிரியராக இருந்தவரை, கூட்டமாக ஒப்பிக்க விட்டதே இல்லை. தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்பார். எந்தப் பாடம் முந்தி, எது பிந்தி, ஏன் என்றெல்லாம் உதவி வாத்தியார் சின்னையாவை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். காப்பி ஆற்றியபடி அவளும் கேட்டிருக்கிறாள். அந்தச் சின்னையாதான் இப்போது பிரம்பால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து பிள்ளைகளிடம் வந்தாள். "நிறுத்துங்க."

"வாத்தியாருக்கு மரியாதைதாம்மா," என்றார் ஜெயபாலன். "அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாராரு. இதே மாதிரி சத்தமா சொன்னாப் போதும்."

"மூணாம் வகுப்புக்கு இப்ப எந்தப் பாடம் நடக்குது, கிராணி ஐயா?"

"கணக்குதான் நடக்குது."

"கணக்குல என்ன?"

அவர் சின்னையாவைப் பார்த்தார். பாடைக்குப் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"அவரை ஏன் பாக்கிறீங்க? சின்னையா தம்பி, வாத்தியாரு சொன்னதை நீங்களுமா மறந்துட்டீங்க?"

சின்னையா பிரம்பை மெல்லக் கீழே வைத்தான்.

வீரம்மா முன்வரிசைச் சிறுமியைக் கூப்பிட்டாள். "ராக்காயி, இங்க வா. ஏழு நிரை. நிரைக்கு எட்டு ரப்பர் மரம். மொத்தம் எத்தனை?"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த பிள்ளை விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்துத் தடுமாறியது.

"வெயில் ஏறுது தாயி," என்றார் மாயாண்டி கங்காணி. "தூக்கிருவோம்."

ஜெயபாலன் குனிந்து, "அம்பத்து..." என்று எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க பேசாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "அவளே சொல்லட்டும். அதுவரைக்கும் அவரு காத்திருப்பாரு."

ராக்காயி முற்றத்து மண்ணில் குந்தி, சுட்டுவிரலால் மரத்துக்கு ஒரு புள்ளியாக வைக்கத் தொடங்கினாள். ஒரு நிரை. அதன் கீழே இன்னொரு நிரை. மூன்றாவது நிரைக்குக் கீழே பாடை தடுத்தது. தூக்க வந்த நால்வரும் பாடையைக் கொஞ்சம் நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டு நின்றார்கள்.