அலமாரிக் குப்பியைக் குலுக்கிய கை

குப்பி பிரியவில்லை.

கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஹால் அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தவள், அந்த விரல் நீளக் குப்பியை வெறித்தாள். திங்களன்று வைத்தபோது எப்படிப் பால் வெள்ளையாய் இருந்ததோ, இந்தப் புதன் மாலையிலும் அப்படியே.

"சாப்பிட வா. அது எங்கயும் ஓடிடாது," என்றார் மாமியார், அடுக்களையிலிருந்து.

ஓடினால்கூடப் பரவாயில்லை. பிரிய வேண்டும். மேலே தெளிந்த நீர், கீழே அடர்ந்த பால், நடுவே பிளேடால் கீறியது போல ஒரு கோடு. முதலில் ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு திடீரென்று நடக்கும் என்றது அவள் கணக்கு. லேபுக்குப் பக்கத்தில் சாலையைத் துளைக்கிறார்கள், தரை அதிர்கிறது. அதனால்தான் வீட்டு அலமாரி.

லேபின் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். சட்டென்று சூடாகிவிடுவதால் அவருக்கு 'ஹீட்டர்' என்று பெயர். வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் வராவிட்டால், அவளுடைய ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?" தட்டை நகர்த்தியபடி கேட்டார் மாமியார்.

"கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைங்க, அத்தை. கூடவே பாலிமர், நூல் சுருள் மாதிரி. ரெண்டு உருண்டை நெருங்கி நின்னா நடுவுல சுருள் நுழைய இடமில்ல. வெளிய நிக்கிற சுருளெல்லாம் இடிச்சு இடிச்சு ரெண்டையும் ஒட்ட வச்சிடும். ஒண்ணு மேல ஒண்ணுக்கு ஆசையே கிடையாது. தள்ளுற தள்ளுல சேர்ந்து, கூட்டமா கீழ இறங்கிடும்."

"எங்க கல்யாணம் மாதிரி," என்றார் மாமனார், தலை நிமிராமல். "சொந்தக்காரங்க தள்ளின தள்ளு அப்படி."

"அவங்கல்லாம் எப்பவோ போயாச்சு. இப்ப யாரு தள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கீங்களாம்?" என்றார் மாமியார். மாமனாருக்குப் புரையேறியது.

படுக்கையறையில் கணவன் கிசுகிசுத்தான். "யாராவது தொட்டிருப்பாங்களோ?"

அவளுக்கும் அதே சந்தேகம்தான். அந்த வீட்டில் துடைக்கும் துணியும் கையுமாகத் திரிவது ஒரே ஆள். ஆனால் அத்தையிடம் போய்க் கேட்டால் குப்பி பிரியாது, குடும்பம் பிரியும்.

வியாழன் காலை, கணவனின் பழைய போன் அலமாரிப் புத்தகங்களுக்கு இடையே ஒளிந்துகொண்டது.

மாலையில் இருவரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினார்கள். பால். பால். மறுபடியும் பால். நண்பகல் தாண்டியதும் மேல் பக்கம் லேசாக வெளிறியது. தெளிந்தது. கோடு விழுந்தது.

அவள் கணவனின் மணிக்கட்டை இறுக்கினாள். "பிரிஞ்சிருக்குங்க."

அப்போதுதான் திரைக்குள் நுழைந்தது ஒரு கை.

துடைக்கும் துணி இல்லை. முழுக்கைச் சட்டை. கைக்கடிகாரத்தின் முகம் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கை முதலில் பக்கத்திலிருந்த மருந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கியது. அடுத்து அவளுடைய குப்பி. அதையும் பக்குவமாகக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியுடன் திரும்ப வைத்தது.

"அப்பா," என்றான் கணவன் பலவீனமாக.

மாமனார் மறைக்கவே இல்லை. "தினமும் நான்தாம்மா குலுக்கி வைக்கிறேன். மதியம் மருந்து எடுக்கப் போனா பிரிஞ்சு கிடக்கு. நீ வந்து பார்த்தா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு..."

"பிரியணும்னுதான் மாமா வச்சிருக்கேன்."

"நேத்து நீயும் சொன்னியே, சேர்ந்து கீழ இறங்கிடும்னு? அது வியாதியேதான்னு நினைச்சேன். வைத்தியம் பண்ணேன்."

ஆயுள் முழுக்கக் கம்பவுண்டர். பிரிந்த மருந்தை நோயாளியின் கையில் கொடுத்தே பழகாதவர். அவருடைய முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது.

"படிச்சுப் படிச்சு சொன்னேன், அவ சாமானைத் தொடாதீங்கன்னு," மாமியார் பொரிந்தார். "நான் அந்த அலமாரித் தட்டைத் துடைக்கிறதையே நிறுத்திட்டேன். இவரு டாக்டர் வேலை பார்த்திருக்காரு."

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். குப்பியைச் சுற்றி மெல்லிய தூசி. அந்த வீட்டிலேயே தூசி படிந்த ஒரே இடம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கை வர்ற இடத்தை வெட்டிட்டுக் காட்டு," என்றான் கணவன். அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. ஹீட்டர் திரையை நோக்கிக் குனிந்தார். கோடு விழுந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இதை நம்ப மாட்டேன். உருண்டைங்க நிரந்தரமா ஒட்டிக்கிட்டு வண்டலாப் படிஞ்சிருக்கும். சரக்கு கெட்டுப்போச்சு."

அவள் வாய் திறப்பதற்குள் கை வந்தது. குலுக்கியது. ஒரு கட்டிகூட இல்லாமல் குப்பி பழையபடி பாலாகியது.

ஹீட்டர் இன்னும் நெருங்கிக் குனிந்தார். நிரந்தரமாக ஒட்டியிருந்தால் இப்படிக் கலையாதே.

"இது மறுபடி பிரிஞ்சுதா?"

"தினமும் மதியம் பிரியுது சார். தினமும் குலுக்கியிருக்காங்க."

"யாரு கை?"

"என் மாமனார்."

"நாளையிலேருந்து அவர் குலுக்குறதை முழுசா பதிவு பண்ணு. ஆராய்ச்சி தொடரட்டும்."

வீடு திரும்பியபோது, மாமனார் அலமாரிக்கு எட்டாத தூரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மருந்து பாட்டில் அடுக்களைக்குக் குடிபெயர்ந்திருந்தது. அவள் அதை எடுத்து வந்து குப்பிக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நாளைக்கு மதியம் என் குப்பியையும் குலுக்கணும், மாமா."

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "கிண்டலா?"

"ஹீட்டர் ஆர்டர்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, அப்புறமா?"