நாலாவது மைக்

இயர்போன் விற்கிற பெண்ணுக்குக் காது நன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு முன்னால் அந்தக் கவுன்ட்டரில் இருந்தவளுக்கு ஒரு காது மந்தம். அவளும் நன்றாகத்தான் விற்றாள். என் தலையெழுத்து, எனக்குக் காது நன்றாக அமைந்துவிட்டது.

திண்டிவனத்தில் அப்பாதுரை அண்ணனின் செல்போன் கடை. "எலிசாவக் கேளுங்க சார், அது காதுல போட்டுப் பாத்து சரின்னுச்சின்னா சரி" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். கோட்டக்குப்பத்திலிருந்து துபாய் போய் வந்தவர்கள் வருவார்கள். பெட்டியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், கடைசியில் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் பெட்டி திரும்பக் கண்ணாடிக்குள் போய்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லையென்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

முதலில் காதுக்குள் நுழைகிற ரப்பர். பெட்டியில் நாலைந்து அளவில் கொடுத்திருப்பான். காதுக்குச் சரியானதைப் போடவில்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தகர டப்பாதான். அடிச்சத்தமெல்லாம் ஒழுகிப் போய்விடும், மெல்லிய சத்தத்தை வெளி இரைச்சல் தின்றுவிடும். போட்டுக்கொண்டு ஒரு கை வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, மெல்லுவேன். தாடை ஆடும்போது நழுவினால் அது ஆகாது. கம்மலில் வயர் மாட்டி இழுக்கிறதா, ஒரு மணி நேரம் கழித்துக் காது எரிகிறதா என்று பார்ப்பேன். இவ்வளவும் ஆன பிறகுதான் பாட்டு. எப்போதும் ஒரே பாட்டு.

அதை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. 1993ஆம் வருஷத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழு போட்ட கேசட்டில் நாலாவது பாட்டு. கோலியனூர் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்கு வெளியே அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆர்மோனியம், தபேலா, கூட்டமாகப் பெண் குரல்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என் அம்மா பாக்கியமேரி. கேசட்டில் அவள் பாடியது அந்த ஒரு பாட்டுதான்.

பாடகர் குழுவுக்கு எப்போதும் ஊர்த்தெருவிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். அந்த வருஷம் முதல் தடவையாக அமிர்தசாமி வாத்தியார் காலனிக்குள் வந்து, "பாக்கியம், உன்னோட இன்னும் மூணு பொண்ணுங்களக் கூட்டிக்கினு வா, கோயில்ல பாடணும்" என்றார். அவர் ஊர்த்தெருக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கோயில் பாட்டுக்கு அவர்தான் எல்லாம். எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததை அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. கேசட்டுக்குப் பாடிய அன்று எடுத்த படம் எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் வாத்தியார், சுற்றிலும் ஊர்த்தெருப் பெண்கள், ஓரத்தில் அம்மாவும் அந்த மூன்று பேரும். செத்துப்போன என் அப்பாவின் படம்கூட அதற்குக் கீழேதான்.

பதிவு செய்ய வந்தவர் விழுப்புரம் துரைக்கண்ணு. எல்லோருக்கும் விலைக்குக் கொடுத்த கேசட்டை அம்மாவுக்கு மட்டும் சும்மா கொடுத்தார். "வச்சிக்கம்மா" என்று கையில் திணித்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாராம். அம்மாவின் குரல் அவ்வளவு பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டே நான் வளர்ந்தேன்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் அம்மாவின் குரல் எது என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. டேப் ரெக்கார்டரில் எல்லாம் கூழாகக் கேட்கும். பிற்பாடு கேசட்டைச் செல்போனில் ஏற்றிக்கொண்டேன். கடைக்கு ஒவ்வொரு நல்ல இயர்போன் வரும்போதும் தேடுவேன். "இரு, ஒரு நாளைக்கு உங்குரல மட்டும் தனியாப் புடிச்சி உங்காதுலயே போடறேன்" என்று அம்மாவிடம் சொல்வேன். "உனக்கு வேற வேல இல்ல" என்று எழுந்து போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2018 செப்டம்பரில் அந்தப் பெட்டி வந்தது. முப்பத்தெட்டாயிரம் ரூபாய். வயர் இல்லாத இயர்போனுக்கு ஜனம் பறந்துகொண்டிருந்த நேரத்தில் வயரோடு இந்த விலையா என்று அப்பாதுரை அண்ணன் தலையில் கை வைத்தார். மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள், ஒரு வாரம் கேட்டுவிட்டு, ஒலி எப்படி, காதுக்குச் சவுகரியமா என்று படிவத்தில் மார்க் போட்டுத் திருப்ப வேண்டும். "வீட்டுக்கு எடுத்துக்கினு போயி நல்லாக் கேட்டு ஜல்தியா எழுதிக் குடுத்துடு. தொலைஞ்சிதுன்னா பெரிய பேஜாரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஊரில் கேசட்டின் வெள்ளி விழா. அன்றைக்குப் பாடியவர்களை மேடையேற்றிச் சால்வை போடப் போகிறார்கள். காலனியிலிருந்து பாடிய நாலு பேரில் இப்போது ஊரில் இருப்பது அம்மா மட்டும். அரக்குக் கலரில் புதுப்புடவை எடுத்தாயிற்று. விழாவுக்கு முன்னால் அவள் குரலை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லை. ரப்பரை மாற்றி மாற்றிப் பொருத்தினேன். மல்லாட்டை மென்றேன், நழுவவில்லை. பாட்டைப் போட்டேன். அடேயப்பா! ஆர்மோனியத் துருத்தி மூச்சு விடுவது கேட்டது. யாரோ பாட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்பியது கேட்டது. முறத்தில் புடைத்த மாதிரி ஒவ்வொரு குரலும் தனித்தனியாக வந்து விழுந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள். சவுரியம்மாள், அவள் நாத்தனார், மேலவீட்டு அக்கா தங்கை மூன்று பேர், தையல்காரர் மனைவி, இன்னும் மூன்று பேர். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. ஒன்பதும் ஊர்த்தெரு. அம்மா இல்லை. அந்த மூன்று பேரும் இல்லை.

ஐந்து தடவை கேட்டேன். ஐந்தாவது தடவைதான் பாட்டுக்கு முந்தின ஆர்மோனிய இழுப்பைக் கவனித்தேன். அதன் அடியில், எட்ட இருந்து, ஒரு ஆண் குரல். சத்தத்தைக் கூட்டினேன்.

"அந்த ஓரத்து மைக்க அமுத்திடுப்பா. அவங்க பாட்டுக்குப் பாடிக்கினு இருக்கட்டும். கேசட்டுல வேணாம்."

'டக்' என்று ஒரு சத்தம். பிறகு பாட்டு.

யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல் அது. வாயில் இருந்த மல்லாட்டையைத் துப்பினேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து நூற்றைம்பது ரூபாய்க்கு நல்ல இயர்போன் கேட்டார். அந்த விலைக்கு நல்லது எங்கேயும் கிடைக்காது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

சொன்னால் அம்மாவின் இருபத்தைந்து வருஷப் பெருமை ஒரே நாளில் மண்ணாகிவிடும். சொல்லாவிட்டால் அந்த ஆள் கையாலேயே சால்வை வாங்கிக்கொள்வாள். வாயாடி என்று பெயரெடுத்த நான் ரெண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் பையில் இருந்த பெட்டியை அம்மாவே பார்த்துவிட்டாள். "இதானா அந்த வெல ஒசந்தது? எங்க, போடு பாக்கலாம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவளாகக் கேட்டது அன்றைக்குத்தான். சரி, பொய் சொல்லிவிடலாம், சவுரியம்மாள் குரலைக் காட்டி இதுதான் நீ என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கை சும்மா இருக்குமா? வாடிக்கையாளருக்குச் செய்கிற மாதிரி அம்மாவின் காதைப் பார்த்தேன். சின்னக் காது. இருப்பதிலேயே சின்ன ரப்பரை எடுத்து, வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிவிட்டு, பதமாக அழுத்தினேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. இன்னாடி இது, கோழி கத்தறதுகூடக் கேக்கல!"

அவ்வளவு கச்சிதம். பெரிய ரப்பரைத் தொளதொளவென்று மாட்டியிருந்தால் அந்தப் பேச்சு வெளி இரைச்சலில் கரைந்து போயிருக்கும். பாட்டைக் கொஞ்சம் தள்ளியாவது ஆரம்பித்திருக்கலாம். அறுபது வயதுக் காதுக்கு அது எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்துவிட்டேன். பாடுகிறவளின் காது அது என்பது இந்தப் பெரிய கெட்டிக்காரிக்குத் தோன்றவில்லை.

"மூணாவது வரியில ஒசரமாப் போவுது பாரு, அதான் நீ" என்று சைகையும் சத்தமுமாகச் சொன்னேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்ததும், "அது சவுரியம்மா" என்றாள். "திரும்பப் போடு. மொதல்லருந்து."

இன்னும் ரெண்டு தடவை போட்டேன். ரெண்டாவது தடவை, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே கழற்றிவிட்டாள். ரப்பரை முந்தானையால் துடைத்து, வயரைச் சுற்றி, பெட்டியில் வைத்தாள்.

"என் குரலு அதுல இல்லன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். "துரைக்கண்ணு பொட்டியில நாலு செவப்பு லைட்டு. மைக்குக்கு ஒண்ணு. மூணு எரிஞ்சிது, எங்களுது எரியல. பாடிக்கினே அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சா இத்தினி வருஷமா…"

"அவரு போட மறந்துட்டாருன்னு நெனச்சேன். அதான் மனசு கேக்காம சும்மா ஒண்ணு குடுத்தாருன்னு நெனச்சேன். அந்த மனுஷன் சாவற வரைக்கும் அவரத் திட்டிக்கினு இருந்தேனே, பாவி." பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "பக்கத்து மைக்குல கொஞ்சூண்டு ஒட்டிக்கினு வந்திருக்குமோன்னுதான் இன்னிக்குக் கேட்டேன்."

பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "வாத்தியாராடி சொன்னாரு?"

அவளுக்குத் தெரிந்ததை மறைக்கப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாத ஒன்றே ஒன்றை என் கையாலேயே காதில் வைத்து அழுத்தினேன். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் போவாதம்மா" என்றேன்.

"பொடவ எடுத்தாச்சி" என்றாள்.

போனாள். மேடையில் வாத்தியார் இருந்தார், எண்பது தாண்டிவிட்டது. அம்மாவுக்குச் சால்வை போட்டுவிட்டு மைக்கில் சொன்னார்: "நம்ம பாக்கியம். காலனியிலருந்து மொத மொதல்ல பாட்டுக்குக் கூட்டியாந்தது நாந்தான். அந்தக் காலத்துல எவனுக்கு அந்தத் தைரியம் வரும்?" கோயில் வாசலே கை தட்டியது. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. "அந்த நாலாவது பாட்டுல ரெண்டு வரி பாடும்மா" என்று மைக்கை அம்மா கையில் கொடுத்தார்.

அம்மா மைக்கை விரலால் தட்டினாள். ஸ்பீக்கர் பெட்டிகளில் 'டக் டக்' என்றது.

"இது தொறந்து இருக்குதா வாத்தியாரே?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வெகுளி, பாவம், மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை என்று சிரித்தார்கள். நான் அந்த ஆளின் முகத்தையே பார்த்தேன். ஒரு வெட்கம், ஒரு பயம், கண்ணில் ஒரு சின்ன ஆட்டம், ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அவருக்கு ஞாபகமே இல்லை.

"நல்லாத் தொறந்துதான் இருக்குது. பாடு, பாடு" என்றார், ஆசையாக.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மைக்கை அவர் கையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டாள். "பயந்துட்டா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

திங்கட்கிழமை படிவத்தில் ஒலிக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். சவுகரியத்துக்கும் பத்து. சின்ன ரப்பர் சின்னக் காதுகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது, வலியில்லை என்று எழுதினேன். அப்பாதுரை அண்ணன் படித்துவிட்டு, "இவ்ளோ தாராளமா நீ மார்க்கு போட்டதே இல்லியே" என்றார். நான் பெட்டியை ஒட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் படத்தை ஆணியிலிருந்து கழற்றப் போனேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"வுட்டுட்டு எறங்குடி."

"இவன் மூஞ்சிய இன்னும் பாத்துக்கினு இருக்கணுமா?"

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அதுலயாவது நான் இருக்கறேன்ல."